டிஜிஎஃப்-பீட்டா 1: 10 மைக்ரோகிராம் குப்பி, காசுக்கு ஏற்றதா?

டிஜிஎஃப்-பீட்டா 1 என்பது செல்களுக்குச் சைகை தரும் வளர்ச்சிக் காரணி. சிஎச்ஓ (சீன வெள்ளெலியின் சூலக) செல்களில் தயாரித்த மறுசேர்க்கை மனிதப் புரதம் இது, உறைய வைத்து உலர்த்திய தூளாக வருகிறது. தூள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் குப்பி காலி என்று புகார் எழுத வேண்டாம். மூடியில் ஒட்டியிருக்கலாம், திறக்குமுன் மையவிலக்கியில் ஒருமுறை சுற்றிவிடுங்கள்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது கரைப்பதில்தான். பிபிஎஸ் எனும் பாஸ்பேட் உப்புக் கரைசலில் கரைத்தால் புரதம் திரண்டு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். செல்லுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் (1 மோலார் அமிலம் 40 மைக்ரோலிட்டர், நீரோடு சேர்த்து 10 மில்லி) மில்லிக்கு 1 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டுச் சீர ஆல்புமின்) கலந்து, அதில் 500 மைக்ரோலிட்டரைக் குப்பியில் விடுங்கள். மில்லிக்கு 20 மைக்ரோகிராம் கிடைக்கும். 2 மில்லி ஊடகத்துக்கு 1 மைக்ரோலிட்டர் விட்டால் 10 நானோகிராம்/மில்லி, கணக்கு சுலபம். புரதம் ஒட்டாத குழாய்களில் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். உறையவைத்து உருக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் வீரியம் போய்விடும். டிஜிஎஃப் சேர்க்காத கட்டுப்பாட்டுக் கிணற்றுக்கும் (செல் வளர்ப்புத் தட்டின் குழி) இதே அமில-பிஎஸ்ஏ கரைசல் போக வேண்டும்.

112 அமினோ அமிலம் கொண்ட இரண்டு சங்கிலிகள் டைசல்பைடால் கோத்தது, மொத்தம் 25 கிலோடால்டன். டைசல்பைடை உடைக்கும் டிடிடி சேர்க்காத ஜெல்லில் 25-க்கு அருகிலும் சேர்த்ததில் 13-க்கு அருகிலும் பட்டை வர வேண்டும். சேர்க்காததிலேயே 13 பலமாகத் தெரிந்தால் அந்த லாட் (தயாரிப்புத் தொகுதி) வேண்டாம். ஈ.கோலை பாக்டீரியாவில் செய்த தயாரிப்பு மலிவு. ஆனால் சங்கிலிக்கு 9 சிஸ்டீன் (டைசல்பைடு உருவாக்கும் அமினோ அமிலம்), மடிப்பைச் செல்லுக்கு வெளியே சரிசெய்தாக வேண்டும். இந்தப் புரதத்துக்கு அந்தச் சிக்கனம் தேவையில்லை.

லாட் தாளில் ஈடி50 (பாதி விளைவு தரும் செறிவு) சிறிதாக இருந்தால்தான் நல்லது. 0.05 நானோகிராம்/மில்லி என்றால் மில்லிகிராமுக்கு 2 கோடி யூனிட்.

செல்லில் இது இரண்டாம் வகை ஏற்பியில் ஒட்டி, முதல் வகை ஏற்பியான ஏஎல்கே5-ஐ இழுத்து வந்து, ஸ்மாட்2, ஸ்மாட்3 என்ற சைகைப் புரதங்களுக்குப் பாஸ்பேட் ஏற்றவைக்கிறது. அவை ஸ்மாட்4-ஓடு செல்லின் உட்கருவுக்குள் போகின்றன. பாஸ்போ-ஸ்மாட்2 பார்க்க 30 முதல் 60 நிமிடம் போதும். ஏ549 (மனித நுரையீரல் புற்றுநோய்) செல்லில் செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேதரின் குறைந்து, செல் சட்டகப் புரதமான வைமென்டின் அதிகரிக்க, 5 நானோகிராம்/மில்லியில் 48 முதல் 72 மணி நேரம் பிடிக்கும்.

டிஜிஎஃப் சேர்க்காத கிணற்றிலேயே விளைவு (பின்னணி) அதிகமாக இருந்தால், ஊடகத்தில் உள்ள மாட்டுச் சீரத்தைச் சந்தேகியுங்கள். மாட்டின் முதிர்ந்த டிஜிஎஃப்-பீட்டா 1-க்கும் மனிதனுடையதற்கும் அமினோ அமில வரிசை ஒன்றே, எலைசா எனும் எதிர்ப்பொருள் சோதனையால் பிரித்தறிய முடியாது. முந்தின இரவே சீரத்தை நிறுத்திவிடுங்கள். எச்சிடி116 (பெருங்குடல் புற்றுநோய்) செல்லில் மாற்றம் இல்லை என்றால் குப்பியைத் திட்டாதீர்கள், அதில் இரண்டாம் வகை ஏற்பியே பழுது. விளைவு உண்மைதானா என்று உறுதிசெய்ய, ஏஎல்கே5-ஐத் தடுக்கும் எஸ்பி-431542 மருந்தை 10 மைக்ரோமோலார் கொடுத்த கிணறு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

புரதத்தை எதிலாவது பிணைக்கவோ நிறமேற்றவோ போகிறீர்களானால் மட்டும் பிஎஸ்ஏ இல்லாத வகையை வாங்குங்கள்.