அட்டையா, பாட்டிலா, ஒயரா, பழைய துணியா? வீட்டை அடுக்க எது நிற்கும்?

வாடகை வீட்டில் ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார். தச்சரைக் கூப்பிட்டு அலமாரி போடவும் மனம் வராது, நாளைக்கே காலி செய்யச் சொன்னால் அது போச்சு. ஆனால் சாமான் மட்டும் குறைவதே இல்லை. அப்போதுதான் வீட்டிலேயே சும்மா கிடப்பவை கண்ணில் படும்: பார்சலில் வந்த அட்டைப்பெட்டி, காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டில், முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ், பழைய பேப்பர் கட்டு. இந்த நான்கோடு, கடையில் வாங்குகிற கூடை ஒயரையும் சேர்த்து எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

செலவை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது, ஏனென்றால் எல்லாமே மலிவுதான். செய்ய எவ்வளவு நேரம் ஆகும், வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்குமா, பூச்சி வருமா, அழுக்கானால் கழுவ முடியுமா, இவைதான் கேட்க வேண்டியவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசை போட்டு ஒட்டிய பொருளைவிட, முடிச்சுப் போட்டதும் தைத்ததும் ஒன்றில் ஒன்று செருகியதும்தான் நம் ஊரில் நாள்பட நிற்கின்றன.

காரணம் பசையிலேயே இருக்கிறது. வீடியோக்களில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைகள் பெரும்பாலும் ஹாட் க்ளூவை, அதாவது துப்பாக்கி மாதிரிக் கருவியில் உருக்கி ஒட்டும் பசைக் குச்சியை, நம்பியவை. அந்தக் குச்சி சூட்டில் உருகி, ஆறும்போது இறுகும். மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகும். மே மாத வெயில் நேராக விழுகிற பால்கனியிலோ அடுப்பை ஒட்டிய சுவரிலோ அதை நம்பி எதையும் தொங்கவிடக் கூடாது. ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசை வேறு ரகம். அதிலுள்ள தண்ணீர் வற்றினால்தான் அது பிடிக்கும். வெள்ளை நிறம் போய்த் தெளிந்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் அது காய்வதற்குள் பொறுமை போய்விடும். காய்ந்த பிறகும் தொடர்ந்து தண்ணீர் பட்டால் இளகிவிடும். மைதாப் பசை இருப்பதிலேயே மலிவு, ஆனால் பூச்சிகளுக்கு அது சாப்பாடு. புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது அதனால்தான். அது நஞ்சு என்பதால் குழந்தைகள் தொடும் பொருளிலும் சமையலறைப் பொருளிலும் வேண்டவே வேண்டாம்.

அட்டைப்பெட்டி: வேகத்தில் முதலிடம், ஈரத்தில் கடைசி

அரை மணி நேரத்தில் முடிய வேண்டும் என்றால் அட்டைதான். அதிலும் நான் முழு மனதோடு சிபாரிசு செய்வது ஒன்றைத்தான்: பீரோ, மேஜை இழுப்பறைகளுக்கான தடுப்பு. இழுப்பறையின் உள் உயரத்தைவிட ஒரு விரல் குறைவாக அட்டைப் பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். நெடுக்கில் வைக்கும் பட்டையில் மேலிருந்து பாதி ஆழம் வரைக்கும், குறுக்கில் வைப்பதில் கீழிருந்து பாதி ஆழம் வரைக்கும் ஒரு கீறல். ஒன்றின் கீறலில் மற்றொன்றை இறக்கினால் கட்டம் கட்டமாக நின்றுவிடும். ஒரு சொட்டுப் பசை தேவையில்லை. சாக்ஸ், கைக்குட்டை, சார்ஜர் ஒயர், வளையல், ஹேர்பின் எல்லாம் தனித்தனி அறைக்குப் போய்விடும். நாளைக்குக் கட்டங்களின் அளவை மாற்ற வேண்டுமானால் பட்டையை உருவி வேறு இடத்தில் கீறிச் செருகலாம்.

வெட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால், இரண்டு தட்டையான தாளுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு தாள் தெரியும். அந்த நெளிகள் செங்குத்தாக நிற்கும்படி வெட்டினால் அட்டை எடை தாங்கும். படுக்கைவாட்டில் வந்தால் சின்ன எடைக்கே நடுவில் மடங்கும். ஒரே பெட்டியில் வெட்டிய இரண்டு பட்டைகளில் ஒன்று விறைப்பாக நிற்பதும் மற்றது துவள்வதும் இதனால்தான்.

அந்த நெளிகளின் சந்துகளிலேயேதான் வினையும் இருக்கிறது. கரப்பான் முட்டை வைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. அட்டையின் அடுக்குகளைச் சேர்த்திருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துப் பசை என்பதால் ராமபாணப் பூச்சியும் (சில்வர்ஃபிஷ்) தேடி வரும். தரையிலும் சுவரோரத்திலும் வைத்தால் கரையான் பயம் வேறு. அதனால் பார்சல் பெட்டியை எடுத்ததும் நல்ல வெயிலில் காயவைத்து, வெட்டிய ஓரங்களை டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். சமையலறை, குளியலறை வாசல், சிங்க்கின் அடியில் எல்லாம் அட்டைக்கு இடமே இல்லை. அழகுக்கு மேலே துணி போர்த்த நினைத்தால், பழைய காட்டன் புடவையைச் சுற்றி, விளிம்பை உள்பக்கம் மடித்து, நான்கு மூலையிலும் நான்கு தையல் போட்டால் போதும். துவைக்க வேண்டும்போது தையலைப் பிரித்துக் கழற்றலாம். ஒட்டிவிட்டால் அழுக்கோடு மொத்தமாகக் குப்பைக்குத்தான் போகும்.

பாட்டிலும் ஒயர் கூடையும்: சமையலறைப் போட்டி

தண்ணீர் புழங்குகிற இடத்துக்கு இந்த இரண்டும்தான் நேரடிப் போட்டியாளர்கள். பாட்டில் சில நிமிட வேலை. ஒயர் கூடை, கை பழகியவர்களுக்கே ஒரு நாள் பொழுதைப் பிடிக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பல நாள் ஓடும்.

பாட்டிலில் ரகம் பார்க்க வேண்டும். தண்ணீர் பாட்டில்கள் மெல்லியவை, வெட்டியதும் தொய்ந்துவிடும். கூல்டிரிங்க்ஸ் பாட்டில் உள்ளே வாயு அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் கனமாகவும், அடியில் ஐந்து இதழ் விரித்த மாதிரி குழிந்தும் இருக்கும். அந்த அடிப்பாகம் மேஜையில் ஆடாமல் நிற்கும். பேனா, டூத் பிரஷ், கரண்டி எதையும் போடலாம். வெட்டிய விளிம்பு கையைக் கீறும் என்பது இதில் உள்ள பெரிய குறை. அதற்கு வழி இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, அதன் தட்டின்மேல் கேக் சுடும்போது விரிக்கிற பேக்கிங் காகிதம் ஒன்றை விரித்து, பாட்டிலின் வெட்டிய வாயைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் விளிம்பு உள்நோக்கிச் சுருண்டு மழமழப்பாகிவிடும். சுமார் 75 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே அந்தப் பிளாஸ்டிக் இளகத் தொடங்குவதால் இது நடக்கிறது. அதனாலேயே சூடான கரண்டியை அதில் போடக் கூடாது, அடுப்புப் பக்கத்தில் வைக்கவும் கூடாது.

பெயின்ட் அடித்து அழகாக்கலாம் என்றால், வழவழப்பான அந்தப் பரப்பில் அக்ரிலிக் பெயின்ட் சரியாக ஒட்டாமல் நகம் பட்டாலே உரிந்து வரும். நிறம் வேண்டுமானால் கயிறு சுற்றிவிடுவது மேல்.

பாட்டிலில் செடி வைப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கிய கொஞ்சம் நல்ல தண்ணீரே போதும். மண் போட்டு வைக்கிற பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டே ஆக வேண்டும். மணி பிளான்ட்டை வெறும் தண்ணீரில் வைப்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் கொசு முட்டை பாட்டிலின் சுவரில் ஒட்டியிருக்கும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். இந்த வேலையை மறந்துவிடுகிற வீடு என்றால் பாட்டில் செடியே வேண்டாம்.

ஒயர் கூடை இந்தத் தலைவலிகள் எதுவும் இல்லாதது. தண்ணீர் ஒழுகிப் போய்விடும், காற்று உள்ளே போகும், வெங்காயமும் உருளைக்கிழங்கும் அழுகாமல் இருக்கும். அழுக்கானால் குழாயடியில் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் புதிதாகிவிடும். பசை, ஆணி, தையல் எதுவும் இல்லாமல் வெறும் முடிச்சுகளால் நிற்பது அது. கைப்பிடி அறுந்தாலும் கூடை போகாது, புது ஒயர் கோத்துக்கொள்ளலாம். சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுகளுக்குத் தனித்தனிப் பெயரும் தனித்தனி அழகும் உண்டு. நெல்லிக்காய் முடிச்சு புடைத்துக்கொண்டு நிற்கும், ஒயரும் அதிகம் குடிக்கும். முதல் கூடைக்கு அது வேண்டாம். சாதா முடிச்சில் சின்னதாக ஒரு பெட்டிக் கூடை போதும். எங்கள் தெருவில் கூடை போடுகிற அக்கா புதிதாக வருபவர்களிடம், "முதல்ல அடியை மட்டும் போடும்மா, ஏத்துறத அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அந்தப் பேச்சில் விஷயம் இருக்கிறது. அடி கோணினால் பக்கச் சுவர் எத்தனை நேர்த்தியாக ஏறினாலும் கூடை ஒரு பக்கம் சாயும். அடி முடிந்ததும் தரையில் வைத்து, நான்கு மூலையும் படிகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போவது நல்லது. ஒயரின் நுனிகளை ஒட்ட வெட்டிவிடாமல் உள்பக்க முடிச்சுகளுக்குள் செருகி இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளடைவில் பிரியும்.

அவசரத்துக்குப் பாட்டில், மற்றபடி ஒயர் கூடை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பால்பவுடர் டின்னையும் சிலர் சொல்வார்கள். ஈரம் பட்டால் மூட்டில் துரு பிடித்து டைல்ஸில் வட்டக் கறை போடும், அதனால் அதைப் பேனா வைக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

காகிதக் கூழ்: அழகு, ஆனால் வெயில் வேண்டும்

பழைய பேப்பரைக் கிழித்து ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி, கவிழ்த்த பாத்திரத்தின்மேல் அப்பிக் காயவைக்கிற கூடை நம் வீடுகளில் பழசு. மூங்கில் முறத்தின் சந்துகளை அடைக்கவும் இதே கூழைத்தான் பூசுவார்கள். வெந்தயத்தின் வழுவழுப்புதான் இங்கே பிடிமானம். அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பது பெரியவர்கள் சொல்வது. இந்தக் கூழுக்கு எவ்வளவு தூரம் அழகு வரும் என்பதற்குக் கொலு பொம்மைகளே சாட்சி. புதுச்சேரிப் பக்கத்துத் திருக்கனூர் காகிதக்கூழ் கைவினைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

வீட்டில் செய்பவர்களுக்குச் சிக்கல் காய்வதில்தான். பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் மொட்டைமாடி வெயிலில் சில நாளில் கல் மாதிரி ஆகிவிடும். மழைக்காலத்தில் வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். பாத்திரத்தில் எண்ணெய் தடவாமலோ துணி விரிக்காமலோ அப்பினால் கழற்றவும் முடியாது. காய்ந்ததும் வெள்ளை அடித்து, காவியில் கோலம் போட்டால் ஹாலில் சாவி, ரிமோட் போட்டு வைக்க இதைவிட அழகான கிண்ணம் கடையில் இல்லை. குழந்தைகளோடு கோடை விடுமுறையில் செய்ய ஏற்றது. அவசரத்துக்கு ஆகாது, தண்ணீர்ப் பக்கமும் ஆகாது.

பழைய துணி: என் ஓட்டு இதற்கே

ஒன்றே ஒன்றுதான் செய்யப்போகிறீர்கள் என்றால், ஜீன்ஸ் பாக்கெட்டுகளைத் தைத்த தொங்கும் பை. பின் பாக்கெட்டைப் பிரித்து எடுக்க வேண்டாம். அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் துணியோடு சேர்த்து வெட்டி, தடித்த பழைய பெட்ஷீட்டின்மேல் வரிசையாக வைத்துத் தைக்க வேண்டும். பாக்கெட்டின் மூலைகளில் ஏற்கெனவே ரிவெட்டோ கெட்டித் தையலோ இருப்பதால் அந்த இடம் கிழியாது. நாம் போடும் தையல்தான் கெட்டியாக வேண்டும். கையால் தைப்பதானால் சாதாரண ஓட்டுத் தையல் போதாது. ஒவ்வொரு முறையும் ஊசியைப் பின்னோக்கிக் குத்தி வருகிற பின்தையல் போட்டால்தான் எடை தாங்கும். மெஷின் இருப்பவர்கள் 16-ஆம் நம்பர் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், மெல்லிய ஊசி ஜீன்ஸின் மடிப்பில் படக்கென்று முறியும். எதுவும் முடியாதென்றால் பாக்கெட்டுகளைக் குண்டூசி குத்தி அடுக்கித் தெருமுனை டெய்லரிடம் கொடுத்துவிடலாம்.

மேல் விளிம்பை மடித்துத் தைத்து, அந்தக் குழலுக்குள் பழைய மாப் கம்பை நுழைத்தால் துணி சுருங்காமல் விரிந்து தொங்கும். மாட்டுவதற்கு ஆணி வேண்டாம். கதவின் மேல் விளிம்பில் போடும் எஸ் கொக்கியோ ஜன்னல் கம்பியோ போதும். ஒட்டுக் கொக்கியை டைல்ஸில் மட்டும் நம்பலாம். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் ஒட்டினால் பெயின்ட்டையும் பெயர்த்துக்கொண்டு விழும், அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். கனமான பொருட்களை மேல் வரிசையில், கம்புக்குப் பக்கத்தில் வையுங்கள், துணி தொய்யாது. கரண்ட் பில், சாவி, சீப்பு, மாத்திரை அட்டை, கண்ணாடிக் கூடு எல்லாம் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும். வீடு மாறும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். பூச்சி வராது என்று சொல்லமாட்டேன், ஆனால் மாதம் ஒருமுறை துவைத்து வெயிலில் போடுகிற பொருளில் பூச்சி குடியிருக்க வழியில்லை.

மிஞ்சிய புடவைகளைக் கால்மிதியாக்குவதும் இதே கணக்கில் சேரும். இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, மூன்று மூன்றாகப் பின்னி, வட்டமாகச் சுருட்டித் தைத்துக்கொண்டே வர வேண்டும். இதற்குக் காட்டன் புடவை மட்டும் எடுங்கள். நைலான், பாலியஸ்டர் புடவைகள் தண்ணீரை உறிஞ்சாது, டைல்ஸ் தரையில் வழுக்கவும் செய்யும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் குளியலறை வாசலில் அதைப் போடவே கூடாது. அந்தப் புடவைகளைத் துணிப்பையாகத் தைத்தால் காய்கறி வாங்கக் கொண்டு போகலாம். மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும்.