பரமட்டா அரங்கு: ரக்பி லீக்கை எங்கே அமர்ந்து பார்ப்பது

ரக்பி லீக் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்து வருபவருக்கு அதில் பாதிதான் தெரியும். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. பந்தைத் தொடாத மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள், யார் மூச்சு வாங்கிப் பின்தங்குகிறார், எந்த மூலையில் ஆளில்லாமல் கிடக்கிறது என்பதெல்லாம் மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு மட்டுமே எட்டும். ஆகவே ஒரு மைதானத்தின் தரத்தை இருக்கையின் மெத்தையாலோ உணவுக் கடைகளின் எண்ணிக்கையாலோ நான் அளப்பதில்லை. ஆட்டத்தின் மறுபாதியை அது எவ்வளவு காட்டுகிறது என்பதே என் அளவுகோல். மேற்குச் சிட்னியின் பரமட்டாவில் 2019இல் திறக்கப்பட்ட காம்பேங்க் ஸ்டேடியத்தை, அதன் முதல் பருவத்திலிருந்து அவ்வூர் ரக்பி லீக் அணியான ஈல்ஸின் ரசிகனாகப் போய்வருகிறவன் என்ற முறையில், அந்த அளவுகோலைக் கொண்டே இங்கு மதிப்பிடுகிறேன்.

இந்த ஆட்டத்தை அறியாத தமிழ் நண்பர்களுக்குச் சடுகுடுவைச் சொல்லித்தான் விளக்குவேன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இளம் வயதில் சடுகுடு ஆடிய என் அப்பா, இங்கு வந்து பார்த்த முதல் ஆட்டத்தின் பத்தாவது நிமிடத்திலேயே, “இது பிடி ஆட்டம்தானே” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டேக்கிள் என்ற சொல் போய், பிடி என்பதே நிலைத்துவிட்டது. ஓர் அணிக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடி வருபவரை எதிரணி பிடித்து வீழ்த்தியதும், அவர் எழுந்து பந்தைக் காலால் பின்னால் உருட்டிவிட, ஆட்டம் தொடர்கிறது. இப்படி ஆறு பிடிகளுக்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்துவிட்டால் அது டிரை. அதற்கு 4 புள்ளிகள். பிறகு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் மேலும் 2. ஆறாவது பிடியோடு பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும் என்பதால், ஐந்து பிடிகள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். ஆட்டத்தின் உயிர் இருப்பது இன்னொரு விதியில். ஒவ்வொரு பிடிக்குப் பிறகும், பந்தின் முன்னால் நிற்கும் இருவரைத் தவிர, தடுக்கும் அணி முழுவதும் பத்து மீட்டர் பின்னால் ஓடி, மறுபடி ஒரே கோடாக நின்று, பந்து நகர்ந்ததும் முன்னால் பாய வேண்டும். எண்பது நிமிடமும் இந்தப் பின்வாங்கலும் பாய்ச்சலும்தான். அந்தக் கோடு எங்கே நெளிகிறது, எங்கே அறுகிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், ஆட்டம் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பரமட்டா அரங்கின் முதன்மையான சிறப்பு இங்கேதான். நீள்சதுர ஆட்டங்களுக்கென்றே கட்டப்பட்ட இடம் என்பதால், ஓட்டப் பாதையோ கிரிக்கெட் ஆடுகளமோ குறுக்கே இல்லை. மாடங்கள் 34 பாகைச் சரிவில் எழுந்து நிற்கின்றன. முன்னால் இருப்பவரின் தலை ஆட்டத்தை மறைப்பதில்லை. முப்பதாயிரம் பேர் அமரக்கூடிய அரங்காக இருந்தும் மேல் வரிசையில் இருப்பவருக்கும் ஆட்டக்காரரின் நடை தெரிகிறது. முதல் முறை வருகிறவர்கள் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, பக்கவாட்டு மாடத்தில்தான் இடம் தேடுகிறார்கள். தொலைக்காட்சி பழக்கிய கோணம் அது. அங்கிருந்து பார்த்தால் எத்தனை மீட்டர் முன்னேறினார்கள் என்பது நன்றாகத் தெரியும். எதனால் முன்னேறினார்கள் என்பது தெரியாது.

என் பரிந்துரை, கோல் கம்பங்களுக்குப் பின்னால் உள்ள தெற்கு மாடத்தின் நடு உயரம். அங்கிருந்து பார்க்கும்போது தடுப்பு அணி, 68 மீட்டர் அகலத்தில் ஒரு கொடிக்கயிறு கட்டியதுபோல் கண்முன் நீண்டு கிடக்கும். மூன்றாவது பிடியின்போது எதிரணியின் பருத்த முன்வரிசைக்காரர் ஒருவர் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி நிற்பதையும், பத்து மீட்டர் பின்வாங்க வேண்டிய இடத்தில் ஏழு மீட்டரே நகர்ந்திருப்பதையும், அந்தக் கயிறு அவர் நிற்கும் இடத்தில் மட்டும் தொய்ந்திருப்பதையும் இங்கிருந்து பார்க்கலாம். ஈல்ஸ் அணியின் தாக்குதலை வழிநடத்தும் ஹாஃப்பேக்கும் அதையே பார்த்திருப்பார். அடுத்த பிடியில் பந்து நேராக அந்த இடத்துக்கே போகும்போது, கேமரா காட்டப்போவது நமக்கு ஒரு நொடி முன்னதாகத் தெரிந்திருக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் ஆண்டுதோறும் நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுக்கிறேன்.

தடுக்கும் அணியின் கடைசிக் காவலரான ஃபுல்பேக்கையும் இங்கிருந்து கவனிக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தனியாக நடந்துகொண்டே, கையை நீட்டி நீட்டி, இவரை இடப்பக்கம் நகர்த்தி, அவரை வலப்பக்கம் இழுத்து, ஓயாமல் கத்திக்கொண்டிருப்பார். ஐந்தாவது பிடி நெருங்கும்போது இரு ஓரங்களிலும் ஆடும் விங்கர்கள் இருவரும் உதைக்குத் தயாராக மெல்லப் பின்னால் நழுவுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, உதைக்காமல் ஓரத்துக்குப் பந்தை வீசும் துணிச்சலும் சில நாள்களில் தாக்கும் அணிக்கு வாய்க்கும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று நம் ஊரில் சொல்வார்கள். ஈல்ஸ் என்பதற்கும் விலாங்குகள் என்றுதான் பொருள். இந்நிலத்தின் தொல்குடியினரான பரமட்டகல் மக்களின் பெயரிலிருந்து, விலாங்குகள் கூடும் இடம் என்ற பொருளில் வந்ததே பரமட்டா என்ற ஊர்ப்பெயர். ஒரு பக்கம் பந்தை நீட்டிக் காட்டிவிட்டு மறுபக்கம் நழுவும் ஹாஃப்பேக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது.

முன்வரிசை இருக்கைகளைக் குறித்தும் சொல்ல வேண்டும். அங்கே கோடு தெரியாது. ஆனால் பிடியின் ஓசை கேட்கும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட இருவர் தோளோடு தோள் மோதும்போது எழுவது, நெல் மூட்டையைத் தரையில் போட்டதுபோன்ற அடங்கிய ஓசை. அதைத் தொடர்ந்து காற்று வெளியேறும் ஒரு முனகல். இங்கே குளிர்காலமான ஜூலை மாத இரவு ஆட்டங்களில் அவர்கள் உடம்பிலிருந்து ஆவி பறப்பதை விளக்கொளியில் பார்க்கலாம். பிள்ளைகளை முதல் முறை அழைத்து வருவதானால் இங்கே உட்கார வையுங்கள். காற்றோடு மழை பெய்தால் கூரை இருந்தும் முன்வரிசைகள் நனையும் என்பதால் மழைச்சட்டை கையில் இருக்கட்டும்.

இந்த இடத்துக்கென ஒரு வரலாறு உண்டு; அதை அறிந்து உட்காருவதற்கும் அறியாமல் உட்காருவதற்கும் வேறுபாடு இருக்கிறது. 1947இல் சிட்னியின் ரக்பி லீக் போட்டிக்குள் நுழைந்த ஈல்ஸ், 1981 இறுதியாட்டத்தில் நியூட்டவுன் அணியை 20–11 என்று வென்றுதான் முதல் கோப்பையைப் பெற்றது. அன்றிரவு மகிழ்ச்சி எல்லை மீறி, இதே இடத்திலிருந்த பழைய கம்பர்லேண்ட் ஓவலின் மர மாடம் ரசிகர்களாலேயே எரிந்துபோயிற்று. சொந்த மைதானமின்றி அணி பெல்மோரில் ஆட நேர்ந்தது. ஆனாலும் 1982, 1983 ஆகிய இரு ஆண்டுகளிலும் மேன்லியை வீழ்த்திக் கோப்பையை வைத்துக்கொண்டது. 1986 மார்ச்சில் எலிசபெத் அரசியார் திறந்துவைத்த பரமட்டா ஸ்டேடியத்தில் ஆடிய முதல் ஆண்டிலேயே, ஒரு டிரைகூட விழாத இறுதியாட்டத்தில் கேன்டர்பரியை 4–2 என்று வென்றார்கள். அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான ரே பிரைஸ், மிக் குரோனின் இருவருக்கும் அதுவே கடைசி ஆட்டம். அதற்குப் பின் கோப்பை வரவில்லை. 2001, 2009, 2022 என மூன்று இறுதியாட்டங்களில் தோற்றிருக்கிறோம். அந்தப் பழைய ஸ்டேடியமும் 2017இல் இடிக்கப்பட்டு இப்போதைய அரங்கு எழுந்தது. 2019 ஏப்ரல் 22, ஈஸ்டர் திங்களன்று நடந்த முதல் லீக் ஆட்டத்தில் வெஸ்ட்ஸ் டைகர்ஸை 51–6 என்றும், அதே ஆண்டு செப்டம்பரில் நாக்அவுட் ஆட்டத்தில் பிரிஸ்பேனை 58–0 என்றும் இங்கே வென்றார்கள். அந்த இரண்டாவது ஆட்டத்தின் முடிவில் நாங்கள் யாரும் எழுந்து போகவில்லை என்பது இன்றும் கண்முன் நிற்கிறது.

அரங்கு கட்டப்பட்ட இரண்டு பருவங்களும் அணி ஹோம்புஷில் உள்ள ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ஆடியது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அந்த இடம் இறுதியாட்டத்துக்குப் பொருத்தமானது. நிறைந்திருக்கும்போது அதன் முழக்கம் மார்பை அதிர வைக்கும். பதினையாயிரம் பேர் மட்டும் வரும் சாதாரண வெள்ளிக்கிழமைக்கு அது பெரிய வீட்டில் ஒற்றைக் குடும்பம் குடியிருப்பதுபோல. ஆட்டக்காரர்களும் தொலைவில் சிறுத்துத் தெரிவார்கள். இதற்கு நேர்மாறானவை சிட்னியின் பழைய மைதானங்களான லைக்ஹார்ட் ஓவலும் மேன்லியின் புரூக்வேல் மைதானமும். அங்கே இன்னும் புல்மேடு இருக்கிறது. துண்டை விரித்து அமர்ந்து, அறிமுகமில்லாதவரோடு பேசிக்கொண்டே ஆட்டம் பார்க்கலாம். ஞாயிறு பிற்பகலில் லைக்ஹார்ட் புல்மேட்டில் கிடைக்கும் அந்த நெருக்கத்தைப் பரமட்டாவின் இருக்கை வரிசைகள் தருவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய மைதானம் என்ற காரணத்துக்காகவே எதையும் புகழ முடியாது. பெயர் சொல்ல வேண்டியதில்லாத வேறோர் ஊர் மைதானத்தில், முழு விலைக்கு வாங்கிய இருக்கைக்கு முன்னால் ஒரு தூண் நின்றது. ஒரு மூலையில் விழுந்த இரண்டு டிரைகளையும் நான் கூட்டத்தின் ஆரவாரத்தால்தான் அறிந்தேன். பணம் கொடுத்து ஊர் கடந்து வந்த ரசிகனுக்கு அப்படிச் செய்வது முறையல்ல; சீட்டு விற்கும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பரமட்டா அரங்கின் குறையும் அதன் சிறப்பிலிருந்தே பிறக்கிறது. பார்வைக்கு உதவும் அதே சரிவு முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கடினம். அப்பாவை அழைத்து வரும் நாள்களில் கீழ் அடுக்கில், நுழைவாயில் மட்டத்துக்கு அருகில் உள்ள வரிசைகளையே எடுக்கிறேன். பிற்பகல் ஆட்டமானால் மேற்கு மாடத்தில் நிழல். கிழக்கு மாடத்தில் உள்ளவர்கள் முதல் பாதி முழுக்கக் கண்ணுக்கு மேல் கை வைத்திருப்பார்கள். இது ஈல்ஸ் அணிக்கு மட்டும் உரிய அரங்கும் அன்று. வாண்டரர்ஸ் கால்பந்து அணிக்கும் இதுவே வீடு. பென்ரித் மைதானம் புதுப்பிக்கப்படுவதால் 2025இல் அவ்வூர் லீக் அணியான பேந்தர்ஸும் இங்கே ஆடினார்கள். எனவே சீட்டு வாங்கும் முன் யார் ஆடும் நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பரமட்டா ரயில் நிலையத்திலிருந்து சர்ச் வீதி வழியே பதினைந்து நிமிட நடை; 2024 டிசம்பரிலிருந்து டிராமும் ஓடுகிறது. வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், டூங்காபி பகுதித் தமிழர்களுக்கு இது சில நிலையத் தொலைவுதான். அப்படியிருந்தும் மாடங்களில் நம்மவர்களை அரிதாகவே காண்கிறேன். மேஸ் ஹில் முருகன் கோயிலில் காலையில் வணக்கம் சொன்ன முகம் ஒன்றை மாலையில் நீலமும் பொன்னிறமும் கலந்த ஈல்ஸ் சட்டையில் சந்தித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமன்று. ஹாரிஸ் பார்க்கில் தோசை சாப்பிட்டுவிட்டு நடந்தே வந்துவிடலாம். அரங்கின் உணவுக் கடை வரிசைகளில் நிற்பதைவிட எங்களுக்கு அது பிடித்திருக்கிறது.

வரும் பருவத்துக்கும் தெற்கு மாடத்தில், கம்பங்களுக்குச் சற்று இடப்பக்கமாக, அதே மூன்று இருக்கைகளை எடுக்கப்போகிறோம். ஓரத்து இருக்கை அப்பாவுக்கு. அவர் வராத நாளில் வேறு யாராவது தமிழ் நண்பர் வந்தால், முதல் பாதி முழுவதும் பந்தைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்க்கச் சொல்வேன்.