அந்த விளம்பரத்தில் இருக்கும் கேழ்வரகு பர்கர் எங்கள் அக்கா செய்தது

கிருஷ்ணகிரியில் மூன்று நாள் பர்கர் மற்றும் உணவுத் திருவிழா என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நுழைவுக்கட்டணம் 99 ரூபாய், கடை போட விரும்பும் வீட்டுச் சமையல்காரர்கள் உடனே அழைக்கவும் என்று போட்டிருக்கிறார்கள். அதில் மூன்றாவதாக வரும் படத்தைப் பாருங்கள். வாழை இலைத் துண்டின் மேல் கறுத்த பன், நடுவில் கொள்ளு வடை, அதைப் பிடித்திருக்கும் கையில் பச்சைக் கண்ணாடி வளையல். அது என் அக்காவின் கை.

2025 ஆகஸ்ட் 15, 16, 17 தேதிகளில் தர்மபுரியில் இதே ஆட்கள் நடத்திய திருவிழாவில் எடுத்த படம் அது. அந்த மூன்று நாளில் அக்கா விற்றதற்கான பணத்தில் பெரும்பகுதி இன்றுவரை வந்து சேரவில்லை. திருவிழாவின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இப்போது கிருஷ்ணகிரிக்குப் போயிருக்கிறார்கள். போலீசில் புகார் இருப்பதால் நடத்துகிறவர்களின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா இலக்கியம்பட்டியில் இருக்கிறாள். ஆர்டர் எடுத்து வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பதுதான் ஐந்து வருடமாக அவளுக்குப் பிழைப்பு. களி, கீரைக் கடைசல், கருவாட்டுக் குழம்பு, சாமைச் சோறு என்று எங்கள் பக்கத்துச் சாப்பாடுதான். ஜூன் கடைசியில் ஒருவர் வீடு தேடி வந்தார். வெளியூர்க்காரர், நல்ல பேச்சு. "உங்க ஊரு சாப்பாட்ட வெளிய காட்டணுங்கக்கா. ஒவ்வொரு கடையிலயும் அவங்கவங்க கைப்பக்குவத்துல ஒரு பர்கர் இருக்கணும். அதான் எங்க ஐடியா" என்றார். அக்காவுக்கு அது பிடித்துப்போனது. எனக்கும்தான். நல்ல யோசனை என்று இப்போதும் நினைக்கிறேன், அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

மூன்று வாரம் அக்கா அந்தப் பன்னோடு மல்லுக்கட்டினாள். வெறும் கேழ்வரகு மாவில் பன் எழும்பாது, கையில் எடுத்தால் உதிரும். கோதுமையில் இருக்கும் பசைத்தன்மை கேழ்வரகில் கிடையாது. குமாரசாமிப்பேட்டையில் ஒரு பேக்கரி மாஸ்டர்தான், மூன்று பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு கேழ்வரகு என்று கணக்குச் சொல்லி, சுட்டும் கொடுத்தார். கொள்ளை ராத்திரியே ஊறவைத்து, கொரகொரப்பாக அரைத்து, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்துத் தட்டிப் பொரித்த வடை. சாஸுக்குப் பதில் பூண்டு மிளகாய்ச் சட்னி. முதல் நாள் ருசி பார்த்தபோது என் மகன் ஒன்றுமே பேசாமல் இரண்டு தின்றான்.

இனி பண விஷயம். மூன்று நாள் கடை வாடகை 6,000. மேஜைக்கும் கரண்டுக்கும் 1,500. விற்பனையில் நூற்றுக்கு 20 அவர்களுக்கு. இதெல்லாம் எங்கேயும் உள்ளதுதான். நாங்கள் கவனிக்கத் தவறியது அடுத்த நிபந்தனையை. எந்தக் கடையிலும் ரொக்கமோ ஜிபேயோ வாங்கக் கூடாது. வருகிறவர்கள் வாசலில் ஒரு கார்டு வாங்கி அதில் பணம் ஏற்றிக்கொள்வார்கள், கடைக்காரர் அதை ஒரு சின்ன மெஷினில் தட்டிக் கழித்துக்கொள்வார், திருவிழா முடிந்த இரண்டாம் நாள் கணக்குப் பார்த்து அவரவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள். "சில்லறைப் பிரச்சனையே இல்லீங்கக்கா, ராத்திரி பணத்தத் தூக்கிட்டுப் போற பயமும் இல்ல" என்றார் அவர். மூன்று நாள் உழைப்பின் மொத்தக் காசும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கும் என்பதை நாங்கள் யாரும் அப்படி யோசித்துப் பார்க்கவில்லை.

ஒகேனக்கலுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். மீனை நாம் வாங்கிக் கொடுத்தால் மசாலா தடவிக் கண்ணெதிரே வறுத்துக் கொடுக்கும் அம்மாக்கள் அங்கே இருக்கிறார்கள். மீனுக்கு மீன் கடையில் காசு, சமைத்ததற்கு அந்த அம்மா கையிலேயே காசு. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கார்டைப் பார்த்தபோதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகள் இரண்டு பேரும் போனோம். முன்பதிவு நான்கு பேருக்கு 396 ரூபாய். பணம் போனது ஒரு தனிநபர் பெயரில் இருந்த கணக்குக்கு. யுபிஐயில் அனுப்பும்போது பெயர் திரையில் வந்தது, நான்தான் பார்த்தும் பார்க்காமல் அனுப்பினேன். 60 கடைகள் என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்களுக்கு அங்கே இருந்தது 17. உட்கார நாற்காலி கிடையாது. குடிதண்ணீர் கிடையாது, பாட்டில்தான் வாங்க வேண்டும். மழை பிடித்தபோது எல்லாரும் கடைத் தார்ப்பாய்க்குள் ஒண்டினோம்.

கார்டில் குறைந்தது 500 ஏற்ற வேண்டும், கார்டுக்கு முன்பணம் 50, திருப்பித் தரப்படும் என்றார்கள். 1,050 கொடுத்தோம். கொடுத்த ரசீதில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தது, பதிவு எண் இல்லை. தமிழ்நாட்டில் பதிந்த ஜிஎஸ்டி எண் 15 இலக்கம், 33 என்று தொடங்கும். அது அச்சாகாத ரசீதில் வரி வாங்கினால் அங்கேயே கேளுங்கள்.

வாசலை ஒட்டி நடத்துகிறவர்களே ஒரு பெரிய பர்கர் கடை போட்டிருந்தார்கள். சிக்கன் பர்கர் 229. இரண்டு வாங்கினோம், 458 போயிற்று. கறி உள்ளே சூடே ஏறாமல் இருந்தது. மயோனைஸை வாரி ஊற்றியிருந்தார்கள். என் மகள் என் கையைப் பிடித்து இழுத்து கூடாரத்தின் பின்பக்கம் காட்டினாள். ஒரு பையன் முட்டையை உடைத்து மிக்சியில் ஊற்றிக்கொண்டிருந்தான். "தம்பி, இது பச்சை முட்டையா?" என்று கேட்டேன். "ஆமாக்கா, ஃப்ரெஷ்ஷா இப்பதான் அடிச்சோம்" என்று பெருமையாகச் சொன்னான். அவனுக்குத் தெரியவில்லை, அன்று எனக்கும் தெரியாது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை போட்டிருந்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பச்சை முட்டையில் தங்கும், வெளியில் வைக்கப்பட்டால் பெருகும் என்பதுதான் காரணம். முட்டை சேர்க்காத மயோனைஸுக்குத் தடை இல்லை.

அன்று ராத்திரி 2 மணிக்கு மகனுக்கு வாந்தி தொடங்கியது. விடியும் வரை நிற்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஓஆர்எஸ் கரைசலும் ஊசியும் கொடுத்து மதியம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். மயோனைஸால்தான் என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் நான்கு பேரில் அந்த பர்கரைத் தின்றது அவனும் நானும்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்ததும் நாங்கள் இருவர்தான். ஒன்பது வயதுப் பிள்ளை துவண்டு கிடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

திங்கட்கிழமை அந்தக் கடையின் படத்தை உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். எண் 94440 42322. திரும்ப அழைத்து விவரம் கேட்டார்கள், ஆனால் அதற்குள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் அங்கே நிற்கும்போதே அனுப்பிவிடுங்கள். தற்காலிகமாகக் கடை போடுகிறவர்களுக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம், அதில் 14 இலக்க எண் இருக்கும். அக்கா தன் சான்றிதழை லேமினேட் செய்து மேஜையில் நிறுத்தியிருந்தாள். வாசல் கடையில் அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லை.

எங்கள் கார்டில் கடைசியில் 142 ரூபாய் மிச்சம். முன்பணம் 50. திருப்பிக் கேட்கப் போனால் கவுண்டரை ஒன்பது மணிக்கே மூடியிருந்தார்கள், வெளியே நூறு பேருக்கு மேல் வரிசை. ஒரு தாளில் எண்ணை எழுதி ஒட்டி, அதில் செய்தி அனுப்பினால் ஏழு நாளில் பணம் வரும் என்றிருந்தது. வரவில்லை. 192 ரூபாய்க்காக யார் அலைவார்கள் என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். 2,000 பேர் அப்படி ஆளுக்கு 100 ரூபாயை விட்டால் இரண்டு லட்சம்.

அக்காவின் கணக்கு வேறு. பழைய ஆள், மெஷினை மட்டும் நம்பாமல் நோட்டிலும் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பர்கர் 100 ரூபாய், மூன்று நாளில் 257. கேழ்வரகுப் பக்கோடா 60 ரூபாய், 131 தட்டு. மொத்தம் 33,560. ஞாயிறு ராத்திரி அவர்கள் காட்டிய கணக்கில் இருந்தது 28,900. மழையில் நெட்வொர்க் போனபோது தட்டியதெல்லாம் பதிவாகவில்லையாம். அந்தக் குறைந்த கணக்கிலேயே 20 சதவீதம் கழித்தால் 23,120 வர வேண்டும். புதன்கிழமை 5,000 வந்தது. அடுத்த வாரம் வங்கியில் பிரச்சனை என்றார்கள். அதற்கடுத்த வாரம் போன் அணைந்துவிட்டது.

வாடகை, கரண்டு, சாமான், உதவிக்கு வந்த பெண்ணுக்குக் கூலி எல்லாம் சேர்த்து அக்கா கைக்காசு 20,200 போட்டிருந்தாள். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்ததிலிருந்து எடுத்தது. "பாப்பா, சனங்க நல்லா இருக்குன்னு சொன்னாங்கல்ல, அது போதும்" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அது போதவில்லை.

மற்ற கடைக்காரர்களைத் தேடிப் பிடித்தோம். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று நினைத்து வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். சுண்டல் போட்ட ஒரு பாட்டி, கல்லூரிப் பையன்கள் மூவர் சேர்ந்து போட்ட மோமோ கடை, ஒப்பட்டு சுட்ட தம்பதி. 11 பேர் ஒன்றாகப் போய் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சிஎஸ்ஆர் ரசீது வாங்கினோம். எங்கள் கையில் எழுத்தாக இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பக்க விதிமுறை மட்டும். அதில் திருவிழாவின் பெயர் இருந்தது, நடத்துகிறவரின் பெயரோ முகவரியோ இல்லை. இடத்துக்காரரைக் கேட்டால் அவருக்கும் முன்பணத்துக்கு மேல் வரவில்லை என்கிறார். வாங்கிக்கொண்ட வங்கிக் கணக்கின் விவரமும் அக்காவின் நோட்டும்தான் இப்போது எங்களுக்கு ஆதாரம்.

கிருஷ்ணகிரியில் கடை போட முன்பணம் கட்டியிருக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். மாங்கனிக் கண்காட்சி நடக்கும் ஊர் உங்களுடையது, அதை நடத்துவது மாவட்ட நிர்வாகம், ஏதாவது என்றால் போய்க் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது. இதில் யாரிடம் போய் நிற்பீர்கள் என்று முதலில் பாருங்கள். முத்திரைத்தாளில், முகவரியோடு, கையெழுத்தோடு ஒப்பந்தம் கேளுங்கள். நகராட்சியும் காவல்துறையும் கொடுத்த அனுமதியின் நகலைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கடையில் உங்கள் க்யூஆர்தான் இருக்கும், கமிஷனை அன்றன்று ராத்திரி எண்ணித் தருகிறேன் என்று சொல்லுங்கள். நேர்மையாக நடத்துகிறவர் இதற்கு ஒத்துக்கொள்வார். அக்கா இனி இந்த நிபந்தனை இல்லாமல் எங்கும் கடை போடுவதில்லை.

சாப்பிடப் போகிறவர்கள் கார்டில் ஏற்றியது திரும்பவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், நான் பதிந்திருக்கிறேன். ஏமாற்றப்பட்டது தெரிந்தவுடன் இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள், தாமதித்தால் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். நாங்கள் மூன்று வாரம் காத்திருந்து அந்த வாய்ப்பை விட்டுவிட்டோம்.

ஏற்கெனவே அவர்களுக்குப் பணம் அனுப்பியிருந்தால், அது எந்தப் பெயருக்குப் போனது என்று பார்த்து எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள். எங்கள் புகாரில் இருக்கும் அதே பெயராக இருந்தால் சிஎஸ்ஆர் நகலை அனுப்புகிறேன், உங்கள் காவல் நிலையத்தில் அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.