சீருடைத் துணியைத் தைக்கக் கொடுக்கிற அம்மாமார் கவனம்

கொழும்பில் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பக்கம் இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். கடைப் பேர் போடவில்லை. போட்டால் சண்டைக்கு வருவார்கள், எனக்கு அதற்கு நேரமில்லை.

அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிற சீருடைத் துணியில், 2025க்கான முழுவதையும் சீனா தந்தது தெரியும்தானே. மகளுக்குக் கிடைத்ததைப் பிரித்துப் பார்த்தேன், நல்ல தடிப்பான வெள்ளை. 1993இல் பிரேமதாச ஜனாதிபதியாக இருந்த காலத்தில் தொடங்கிய திட்டம் இது. இடையில் கொஞ்சக் காலம் வவுச்சர் கொடுத்தார்கள், பிறகு திரும்பவும் துணிதான். துணி இலவசம், சரி. தையல் கூலியை யார் தருவது?

வழக்கமாகத் தைக்கிற அக்கா ஒரு சட்டைக்கு 1,800 கேட்டார். புறக்கோட்டை மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் 950 என்று பலகை தொங்கியது. இரண்டு சட்டைக்குக் கொடுத்தேன். கடைக்காரர் அளவெடுத்து, திகதியையும் 1,900ஐயும் மட்டும் ஒரு துண்டில் கிறுக்கித் தந்தார். எத்தனை மீற்றர் துணி வாங்கினார் என்று அதில் இல்லை. நானும் கேட்கவில்லை, அவசரம்.

ஜனவரி 27 பள்ளிக்கூடம். 26ஆம் திகதி இரவுதான் சட்டை கைக்கு வந்தது. கீழ் மடிப்பு ஒரு விரல் அகலம்கூட இல்லை. வளர்கிற பிள்ளைக்கு நாலு விரலாவது விட்டுத் தைத்தால்தானே அடுத்த வருஷம் இறக்கலாம்? அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முதல் தரம் கழுவியதும் சட்டை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, உள்ளே போட்ட பெட்டிகோட்டின் நீலப் பூவெல்லாம் வெளியே தெரிந்தது.

சின்னவளின் பொம்மைக்கு என்று அந்தத் துணியின் ஓரத்தில் ஒரு கீற்று வெட்டி வைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் பிடித்துப் பார்த்தேன். கீற்றுக்குப் பின்னால் விரல் தெரியவில்லை. சட்டைக்குப் பின்னால் நகம் வரைக்கும் தெரிந்தது. துணியையே மாற்றிவிட்டார்கள்!

கொண்டு போய்க் காட்டினேன். "மிஸ், கவர்மெண்ட் துணி எல்லாம் இப்பிடித்தான்" என்றார். கீற்றை நீட்டினேன். "அது வேற துணியா இருக்கும். துண்டுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க." ஒன்றும் எழுதியிருக்கவில்லைதான். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன், மரியாதையாகத்தான் பேசினார்கள், முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். கேட்டால் பில் தர வேண்டியது கடைக்காரரின் கடமை, கேட்காதது என் பிழை.

கொடுக்க முதல் வீட்டிலேயே துணியை அளந்து பாருங்கள். மீற்றர் கணக்கைப் பில்லில் எழுத வையுங்கள். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள், பொம்மைக்கு என்றாலும் பரவாயில்லை.

சட்டை இரண்டையும் அதே அக்காவிடம் கொண்டு போனேன். இறக்குவதற்கு ஒன்றுமில்லை, கீழே வேறு துணியில் பட்டி வைத்துத்தான் நீட்டலாம் என்றார். சட்டைக்கு 400 ரூபா. பட்டி வேறு வெள்ளையாகத் தெரிகிறது என்று மகள் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறாள்.