ரத்தம் எடுப்பதில் கெட்டி, ஆனால் அம்மாவைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை

பச்சைக்குழந்தைக்கு வீட்டுக்கே வந்து தைராய்டு டெஸ்ட் எடுக்கும் கும்பகோணம் லேப் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன், குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர் வேண்டாம்.

தங்கச்சி பிரசவத்துக்கு மன்னார்குடியில் அம்மா வீட்டில் இருந்தாள். ஐப்பசி அடைமழையிலும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். பிறந்த அன்றே எடுக்கலாமே என்று அப்பா கேட்டதற்கு, முதல் நாள் எல்லாக் குழந்தைக்குமே டிஎஸ்ஹெச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) எகிறித்தான் இருக்கும், 48 மணி நேரம் போகட்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள், அது சரியான பேச்சு. வந்த பெண் குதிகாலை வெதுவெதுப்பான துணியால் ஒற்றிச் சூடேற்றி, ஓரமாகக் குத்தி, முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டுகளை அட்டையின் வட்டங்களில் பின்பக்கம் வரை ஊற விட்டார். அவ்வளவு பொறுமையான கை.

ரிப்போர்ட்தான் எங்களைக் கலங்கடித்தது. வாட்ஸ்அப்பில் டிஎஸ்ஹெச் சிவப்பு எழுத்தில், கூட ஒரு விளக்கமும் இல்லை. தங்கச்சி அழ ஆரம்பித்துவிட்டாள்.

தஞ்சாவூரில் குழந்தை டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "அம்மாவுக்கு தைராய்டு பார்த்திருக்கீங்களா?" இரண்டு பேருக்கும் நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், அம்மாவுக்கும் டிஎஸ்ஹெச் அதிகம், ஆனால் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 இருவருக்கும் நார்மல். டிஎஸ்ஹெச்சோடு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) தங்கச்சி ரத்தத்தில் இருந்திருக்கிறது, அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போயிருக்கிறது. ஒட்டிய டிஎஸ்ஹெச் உடம்பில் வேலை செய்யாது, சீக்கிரம் வெளியேறவும் செய்யாது, மெஷின் மட்டும் அதையும் சேர்த்து எண்ணிவிடும். ஆன்டிபாடியைப் படியவைத்து நீக்கி மறுபடி அளந்தபோது எண் இறங்கிவிட்டது. மாத்திரை இல்லாமலே, சில மாதத்தில் அந்த ஆன்டிபாடி கரைந்ததும் சாதாரண டெஸ்டிலேயே சரியாக வந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இன்னொரு வகை ஆன்டிபாடி குழந்தையின் தைராய்டை நிஜமாகவே சில மாதம் முடக்கும், அப்போது டி4 குறையும், மூளை வளர்ச்சிக்காக உடனே மருந்து வேண்டும். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்கு ஆபரேஷன் செய்து தைராய்டையே எடுத்துவிட்ட அம்மாவின் ரத்தத்தில்கூட ஆன்டிபாடி தங்கியிருந்து குழந்தையின் தைராய்டை முடுக்கிவிடலாம், அங்கே டிஎஸ்ஹெச் குறைவாக வரும்.

இவ்வளவு விஷயம் அம்மாவைச் சுற்றி இருக்க, லேப் ஃபாரத்தில் அவர் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான். தைராய்டு உண்டா, மாத்திரை சாப்பிடுகிறாரா, ஆபரேஷன் ஆனதா என்று ஒரு வரி சேருங்கள் என்று போன் செய்து சொன்னேன். பார்க்கிறோம் மேடம் என்றார்கள். அதுவரை பிரசவ ஃபைலை நீங்களே எடுத்து வைத்து, அம்மாவின் தைராய்டு விவரத்தை ஃபாரத்தின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ரத்தம் எடுப்பதற்கு 5 ஸ்டார், ரிப்போர்ட்டுக்கு 2.