கோல்ட் ஃபிரேம்: நாலு வருஷமும் ஒரு மூடியும்

"அண்ணை, அந்தக் கோல்ட் ஃபிரேம் இப்ப மலிவா வந்திருக்கு. வாங்கலாமோ?" என்று பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் போன கிழமை கேட்டார். கோல்ட் ஃபிரேம் (cold frame) என்றால் இளங்கன்றுகளைக் குளிரிலிருந்து காக்கத் தோட்டத்தில் வைக்கும், வெளிச்சம் புகும் மூடி போட்ட பெட்டி. நின்ற நிலையில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. நானே நாலு வருஷமாக ஒன்று வைத்திருப்பது அவருக்குத் தெரியும். அதனால் விளக்கமாக எழுதுகிறேன்.

என்னுடையது மரப்பெட்டி. இரட்டைச் சுவர் பொலிகாபனேற் மூடி தெற்குப் பார்த்துச் சரிந்திருக்கும். கனடாவில் எங்கள் ஸ்காபரோவில் மே பிற்பகுதியில் லோங் வீக்கெண்ட் வரும்வரை கத்தரி, மிளகாய்க் கன்றுகளை வெளியே நடப் பயம், எந்த இரவிலும் உறைபனி விழலாம். மார்ச்சில் வீட்டுக்குள் சூட்டு விரிப்பில் முளைக்க வைத்தவற்றை ஏப்ரல் கடைசியில் பெட்டிக்கு மாற்றுவேன். (பெட்டிக்குள்ளேயே மிளகாய் விதை போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். மண் அந்தளவுக்குச் சூடாகாது. முதல் வருஷம் போட்ட விதை மண்ணோடு மண்ணாகப் போனது.) வெளிக்காற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிய கன்று, நட்ட பிறகு வாடி நிற்பதில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூடிதான் உயிரை எடுக்கிறது.

வெளியே 9 பாகை, நாங்கள் ஜக்கெற்றோடு நிற்போம். வெயில் இருந்தால் மூடிய பெட்டிக்குள் 40ஐத் தாண்டிவிடும். காலையில் திறக்க வேண்டும், பொழுதுபட முன் மூட வேண்டும். இரண்டாம் வருஷம் ஒருநாள், வானம் மூட்டமாகத்தானே கிடக்கிறது என்று திறக்காமல் வேலைக்குப் போனேன். மத்தியானம் வெயில் எறித்திருக்கிறது. பின்னேரம் வந்து பார்த்தால் முப்பது கத்தரிக் கன்றும் அவித்த கீரை மாதிரிக் கிடந்தன.

அப்புறம் தானாகத் திறக்கும் கை ஒன்று வாங்கிப் பூட்டினேன். உருளைக்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து தண்டைத் தள்ளும், மின்சாரம் தேவையில்லை. யோசனை அருமை. ஆனால் மெழுகு ஆறுதலாகத்தான் வேலை செய்யும். முகிலுக்குள் ஒளித்து விளையாடும் ஏப்ரல் வெயிலுக்கு அது எப்போதும் பிந்தித்தான் வரும். ஒருநாள் திறந்திருந்த மூடியைக் காற்று பிணைச்சலோடு பிடுங்கி வேலியில் அடித்தது. விற்றவரிடம் கேட்டேன், காற்றுக்கு உத்தரவாதம் இல்லையாம். பெட்டியை வெளியில் வைக்காமல் படுக்கையறையிலா வைப்பது? இப்போது கொக்கியும் கயிறுமாக இழுத்துக் கட்டியிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். போன செப்டெம்பரில் மிஞ்சிய ஸ்பினாச் கீரை விதையைச் சும்மா தூவி மூடிவிட்டேன். குளிர்காலம் முழுக்க மேலே பனி. மார்ச்சில் பனியை வழித்துத் திறந்தால் உள்ளே பச்சைப் பசேலென்று இலை! பருப்போடு கடைந்து மூன்று நாள் சாப்பிட்டோம். பனி மூடிக் கிடக்கும் மாதங்களில் மூடியைப் பற்றிச் சிந்திக்கவே தேவையில்லை என்பது தனிச் சந்தோஷம்.

தம்பி, பகலில் வீட்டில் ஆள் இருந்தால் வாங்குங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறீர்கள், அதனால்தான் வேண்டாம் என்றேன்.

அது சரி, மலிவு என்றீர்களே, எவ்வளவு என்று சும்மா பார்க்கப் போனேன். இரண்டாவது பெட்டி வெள்ளிக்கிழமை வருகிறது. ஸ்பினாச்சுக்கு மட்டும்.