முன்பல் ஃபில்லிங்: காம்போசிட், ஜிஐசி, செராமிக், எது கலர் தாங்குது?

எங்க வீட்டுல மூணு பேர் வாயில மூணு வித மெட்டீரியல் இருக்கு. எனக்கு முன்பல் ஓரம் உடைஞ்சு காம்போசிட், அம்மாவுக்கு ஈறு ஓரமா பல் தேஞ்சு ஜிஐசி (கிளாஸ் அயனோமர் சிமென்ட்), அக்காவுக்கு முன்பல் ரெண்டுல செராமிக் வெனீர், அதாவது பல் மேல ஒட்டற மெல்லிசான ஓடு. குடிக்கறது ஒரே ஃபில்டர் காபி, சாப்பிடறது ஒரே சாம்பார், ஆனா அஞ்சு வருஷத்துல மூணும் மூணு கலர்ல நிக்குது.

காம்போசிட்ட பத்திதான் நிறைய பேசணும், ஏன்னா சென்னையில எந்த கிளினிக் போனாலும் முன்பல்லுக்கு முதல்ல இததான் போடறாங்க. அது ரெசினும் கண்ணாடித் தூளும் கலந்தது. தூள் கறை பிடிக்காது, ரெசின்தான் தண்ணிய உறிஞ்சும், தண்ணி கூடவே காபி, டீ, மஞ்சத்தூள் கலரும் உள்ள போயிடும். ரெசின்லயும் வகை வகையா இருக்கு, டெக்டிஎம்ஏங்கற வகை அதிகமா இருந்தா தண்ணி நிறைய குடிக்கும், யுடிஎம்ஏ கம்மியா குடிக்கும். இது போக உள்ளுக்குள்ளயே ஒரு மஞ்சளாகற வேலை நடக்குது, லைட் பட்டு இறுகறதுக்காக சேக்கற அமீன் வருஷக்கணக்குல ஆக்சிஜனேற்றம் ஆகி நிறம் மாறுது, அத எந்த பிரஷ்ஷும் எடுக்காது.

ஆனா என் அனுபவத்துல மெட்டீரியலவிட பாலிஷ்தான் பெருசு. ஃபில்லிங்கோட மேல் படலம் காத்து படறதால சரியா இறுகாது, அத டிஸ்க் வச்சு தேச்சு எடுத்தே ஆகணும். எனக்கு முதல்ல போட்ட எடத்துல லைட் அடிச்சு, உயரத்த மட்டும் சரி பண்ணி அவசரமா அனுப்பிட்டாங்க, நாலே மாசத்துல ஓரத்துல பழுப்பு கோடு. சிரிக்கவே கூச்சமா இருந்துச்சு. வேற டாக்டர்கிட்ட போய், “பிடுங்கிட்டு புதுசா போடுங்க டாக்டர்”னேன். அவரு, “அவசரப்படாதீங்க, மேலாகத்தான் இருக்கு, பாலிஷ் பண்ணி பாக்கலாம்”னு சொல்லி டிஸ்க்க மாத்தி மாத்தி தேச்சாரு, கால் மணி நேரத்துல முக்காவாசி போயிடுச்சு. ஒவ்வொரு தடவ பழச எடுக்கும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் சேந்து போகும், அதனால கலர் மாறினதுமே மாத்த ஓடாதீங்க.

ஜிஐசி 1970கள்ல இங்கிலாந்துல வில்சனும் கென்டும் கொண்டு வந்தது. பாண்டிங்னு தனியா பசை தடவாமயே பல்லுல ஒட்டும், ஃப்ளோரைடு விடும், ஈறு ஓரத்துக்கு அருமை. கலர்ல மட்டும் பின்தங்கிடும், சுண்ணாம்பு மாதிரி மங்கலா இருக்கும், காம்போசிட் அளவுக்கு பளபளப்பும் ஏறாது. போட்ட கொஞ்ச நேரத்துல எச்சில் பட்டாலும் ரொம்ப காஞ்சாலும் கெட்டுப்போகும், அதுக்குத்தான் மேல வார்னிஷ் இல்லன்னா வாசலைன் தடவறாங்க. ரெசின் கலந்த ஜிஐசி ஆரம்பத்துல அழகா இருக்கும், அதுவும் தண்ணி குடிச்சு நாளாவட்டத்துல கருக்கும். அம்மாவோடது இப்ப மங்கிப் போச்சு, ஆனா பல் கூச்சம் இல்ல, சொத்தை இல்ல, உதட்டுக்குள்ள மறைஞ்சிருக்கு. அத மாத்த நான் விடமாட்டேன்.

செராமிக் ஃபில்லிங் இல்ல, லேப்ல செஞ்சு ஒட்டறது. கலர் தாங்கறதுல இதுதான் முதல், அக்காவுக்கு அப்பிடியே இருக்கு, கறை வந்தா ஓரத்துல இருக்கற சிமென்ட்லதான் வரும். ஆனா பெரும்பாலும் எனாமல சீவி எடுத்துத்தான் ஒட்டுவாங்க, சீவினது திரும்ப வளராது, செலவும் பல மடங்கு. ஓரத்துல சின்னதா உடைஞ்ச பல்லுக்கு இது வேணாம், காம்போசிட் போதும்.

நம்ம சமையல்ல பெரிய வில்லன் மஞ்சத்தூள்தான். வெள்ளச் சட்டையில பட்ட மஞ்ச கறை வெயில்ல காயப்போட்டா மங்கிடும், வாய்க்குள்ள ஏது வெயில்? லைட் அடிச்சப்புறமும் காம்போசிட் ஒரு நாள் வரைக்கும் இறுகிட்டே இருக்கும், அதனால அன்னைக்கு மட்டுமாவது சாம்பாரும் காபியும் வேணாம், தயிர் சாதம் போதும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் டாக்டர் சொன்ன நாளுக்கு மேல போடாதீங்க, பழுப்பு கறை விடும்.

ஷேட் பாக்கறது, அதாவது பல்லு கலருக்கு ஏத்த ஃபில்லிங் கலர தேர்ந்தெடுக்கறது, பல் காயறதுக்கு முன்னாடியே நடக்கணும், காஞ்ச பல் வெளுத்து தெரியும், அதுக்கு மேட்ச் பண்ணா மறுநாள் ஃபில்லிங் தனியா தெரியும். பல்ல வெளுக்க வைக்கிற ஐடியா இருந்தா அத முதல்ல முடிச்சுட்டு ரெண்டு வாரம் கழிச்சு ஃபில்லிங் போடுங்க, ப்ளீச்சிங்ல பல்லுதான் வெளுக்கும், ஃபில்லிங் பழைய கலர்லயே நிக்கும்.